முங்கும் என்று பேச்சி சொன்ன நாள்

என் பிரியமான சுகந்திக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. போன வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நான் ஒன்றைச் சொன்னேன். உன்னிடம் சொல்லாததை ஊராரிடம் சொல்லிவிட்டேனே என்று வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்துச் செய்தி. கிழக்குப் பக்கத்துக் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் நம் வேலியை ஒட்டி வந்துவிட்டது. அவர்கள் ஷிப்ட் மாற்றச் சங்கு ஊதினால் நம் பிள்ளைகள் சத்துணவுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கூரை அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. உன் இடத்துக்கு ஜூனில்தான் ஆள் போட்டார்கள். வந்தவரைப் பெரிய வகுப்புகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, உன் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் நான் எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியை போய் ஒன்றாம் வகுப்பில் உட்காருவதா என்று ஊரில் கேட்டார்கள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நீ நம் பள்ளியில் வந்து சேர்ந்த அன்று, உன் கையில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் இருந்தது. வருகிற வழியில் வீட்டுக்கு வாங்கியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நாம் இருவர் மட்டுமே ஆசிரியர்கள். இருப்பது ஒரே கூடம். நடுவில் இரண்டு கரும்பலகைகளை நிறுத்தி, அந்தப் பக்கம் உன் சின்னப் பிள்ளைகள், இந்தப் பக்கம் என் மூன்று வகுப்புகள்.

அடுத்த வாரமே பேசினில் தண்ணீர் ஊற்றி முப்பது பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துவிட்டாய். புளியங்கொட்டை, செங்கல் துண்டு, அப்பாக்கள் கம்பெனியிலிருந்து சட்டைப் பையில் கொண்டுவந்த ரப்பர் வளையம், நட்டு, தெர்மாகோல். எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன் அது மிதக்குமா மிதக்காதா என்று பிள்ளை சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதுதான் உன் சட்டம்.

எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை. "சுகந்தி, ஒண்ணாங்கிளாசுக்கு அறிவியல் எதுக்கும்மா? அ, ஆ முடிக்கவே ஜனவரி ஆயிடும்" என்றேன்.

"அறிவியலுக்காக மட்டும் இல்லக்கா. இதுங்களுக்குப் பேசறதுக்கு ஒரு விஷயம் வேணும். 'உன் பேர் இன்னா'ன்னு கேட்டா ஒரு வார்த்தையோட நின்னுடுது. 'இது ஏன் முழுகிச்சு'ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு வாக்கியமாவது வந்துதான் ஆவணும்" என்றாய்.

நான் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் கரும்பலகைக்குக் காது கிடையாது, எனக்கு உண்டு. முதல் மாதம் உன் பக்கத்திலிருந்து "கல்லு", "முயுவும்", "தெர்ல" என்று ஒற்றை ஒற்றையாகத்தான் வந்தது. தீபாவளி நெருங்கும்போது ஒரு பிள்ளை, "பெருசா இருந்தாலும் உள்ள காலியா இருந்தா மிதக்கும் டீச்சர்" என்றது. அதே வாரம் என் ஐந்தாம் வகுப்பில் 'இருந்தாலும்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உப்பு கரைத்த நாளும் நினைவிருக்கிறது. தம்ளரில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, "உப்பு எங்க போச்சு?" என்று கேட்டாய். "காணாப் போச்சு" என்றார்கள் எல்லாரும். ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாய். சப்புக்கொட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு டில்லிபாபு, "காணோம் டீச்சர், ஆனா உள்ளதான் கீது" என்றான். அதை அப்படியே அட்டைப்பெட்டிக் காகிதத்தில் பெரிதாக எழுதி, அடியில் அவன் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டினாய். மறுநாள் அவன் அதை விரல் வைத்துப் படித்தான். அதில் பாதி எழுத்துகளை நீ இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"'கீது'ன்னு சுவத்துல எழுதி வெச்சிருக்கியே, ஏ.இ.ஓ. வந்து பாத்தா என்னைத்தான் கேப்பார்" என்றேன். ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் பார்வையிடும் அதிகாரி அவர்தானே.

"மொதல்ல அவன் சொன்னத அவன் படிக்கட்டும்கா. பக்கத்துலயே 'இருக்கிறது'ன்னும் எழுதிடறேன். அவனுக்கு ரெண்டும் வேணும்" என்றாய். அன்று மாலையே எழுதியும் விட்டாய்.

இரண்டாயிரத்து ஒன்று ஜூன் கடைசியில் பேச்சியம்மாள் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம். அப்பா சுப்பையா உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா லட்சுமி அதே கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். ஓரகடம் ரோட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்தப் பெண் எழுந்து, "டீச்சர், ஏஞ் சிலேட்ட எங்கன வச்சீக?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிள்ளைகள் சாயங்காலம் வரை "எங்கன, எங்கன" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்கள். நீ அதட்டினாய், நானும் அதட்டினேன். அதட்டி அடங்குகிற சமாசாரமா அது? மறுநாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. பேசாத பேச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவுக்குக் கூடக் கையைத்தான் தூக்குவாள். நீ பேசினைச் சுற்றி உட்கார வைத்தால் முன்வரிசையில் உட்காருவாள். கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். ஆனால் அவள் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். நீ ஒவ்வொரு தடவையும் காத்திருந்துவிட்டு, "சரி, பேச்சி பார்த்துக்கினு இருக்கா" என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போவாய்.

நவம்பரில் நான் அவள் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினேன். ஷிப்ட் முடிந்து, கையில் சோப்பு வாடையோடு வந்து நின்றாள். பிள்ளைக்குக் காது கேட்கிறதா, நாக்கில் ஏதாவது குறையா என்று விசாரித்தேன்.

"வீட்டுல வாய் ஓயாது டீச்சர். இன்னிக்கு என்ன முங்கிச்சு, என்ன மெதந்துச்சுன்னு தம்பிக்கு ஒண்ணொண்ணாச் சொல்லுவா. நான் துணி அலசுத வாளியில கிண்ணியப் போட்டுப் போட்டுப் பாப்பா. இங்கன வந்தாத்தான் பேச மாட்டேங்கா. புள்ளைக சிரிக்கிதுகன்னு ஒரு நா அழுதா" என்றாள்.

நான் நம்பவில்லை, சுகந்தி. குறையை மறைக்கிற தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன், இவளும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று சாயங்காலம் உன்னிடம், அந்தப் பெண்ணைக் காஞ்சிபுரம் பக்கம் காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப எழுதப் போகிறேன் என்றேன்.

நீ சாக்பீஸ் கையோடு நின்றாய். "மூணு மாசம் கொடுங்கக்கா. அவ எல்லாத்தையும் புரிஞ்சிக்கினுதான் இருக்கா. நான் போடறதுக்கு முன்னாடியே அவ கண்ணு பேசினுக்கு அடியில போயிடுது, இல்லன்னா மேலயே நிக்குது. தப்பாப் போனதே இல்ல. நானும் பாத்துக்கினே இருக்கேன்."

"சரிம்மா, மூணு மாசம்" என்றேன். மறுநாள் காலையில் கடிதத்தை எழுதி, ஒன்றியத்துக்குப் போகிற தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. எழுதினாலும் பதில் வர எப்படியும் மூன்று மாதம் ஆகும், உன் தவணையும் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். இருபத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்தால் தெரியாதா என்ற நினைப்பும் இருந்தது. 'செவித்திறன் அல்லது பேச்சுத்திறன் குறைபாடு இருக்கலாம்' என்று எழுதினேன். வீட்டில் வாய் ஓயாது என்று அவள் அம்மா சொன்னதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் கடிதம் நிற்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நீ மூடி போட்ட மருந்து பாட்டில் ஒன்றைப் பேசினில் போட்டாய். மிதந்தது. பிறகு மூடியைக் கழற்றிவிட்டுப் போடப் போவதாகச் சொன்னாய். "மிதக்கும்" என்று முப்பது பேரும் கத்தினார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பேச்சி தலைய ஆட்டறா. அவளுக்கு வேற மாதிரி தோணுது. பொறுங்க, பாக்கலாம்" என்ற உன் குரல் கேட்டது. பிறகு தண்ணீரில் பொத்தென்று ஒரு சத்தம். பாட்டில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"முங்கப் போவுது" என்றது ஒரு குரல்.

அந்தக் குரலை நான் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. எழுந்து கரும்பலகை ஓரமாக வந்து நின்றேன். பாட்டில் அடியில் போய்க் கிடந்தது. டில்லிபாபு, "இன்னாது, முங்கவா?" என்று ஆரம்பித்தான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இதோ மறுபடி மூடிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். நீ அவனை அதட்டவில்லை.

"எனக்கும் தெர்ல டில்லி. முங்கறதுன்னா இன்னா பேச்சி? எங்களுக்குச் சொல்லு" என்றாய்.

அவள் பாட்டிலை எடுத்தாள். தண்ணீரைக் கொட்டினாள். உள்ளங்கையால் பாதிவரை அமுக்கிப் பிடித்து, "இது முங்கல" என்றாள். பிறகு முழுக்க அமுக்கினாள். "இப்பத்தான் முங்கிருக்கு. தலையும் தெரியப்படாது. கொஞ்சூண்டு தெரிஞ்சாலும் முங்கலன்னுதான் அர்த்தம்."

நீ கரும்பலகையில் 'முங்கும்' என்று எழுதினாய். அதற்குக் கீழே 'முழுதாகத் தண்ணீருக்குள் போகும்' என்று எழுதினாய். பக்கத்தில் 'மூழ்கும்'. "இது புக்குல வர்ற வார்த்தை. அது பேச்சி ஊர் வார்த்தை. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய். அப்புறம் ஒரு மரக்கட்டையைப் போட்டு, "டில்லி, இது முங்கிச்சா?" என்று கேட்டாய். அவன் குனிந்து பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "இல்ல டீச்சர், பாதி வெளிய கீது. முங்கல" என்றான். அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்பட்டுவிட்டது. தேவைப்படுகிற சொல்லை யார் கேலி செய்வார்கள்? ஒரு வாரத்துக்குள் ஒன்றாம் வகுப்பு முழுவதும் முங்கியது, முங்கவில்லை என்று பேச ஆரம்பித்தது.

ஏ.இ.ஓ. பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தார். கையில் என் கடிதம் இருந்தது. "அந்தப் பேசாத பொண்ணு எது டீச்சர்?" என்று உன்னிடமே கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அவர் கடிதத்தை உன்னிடம் நீட்டி, "ரெண்டு பேரும் கலந்து பேசித்தானே எழுதினீங்க?" என்றார். நீ மேலே இருந்த தேதியைப் பார்த்தாய். அதை நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

"ஆமா சார்" என்றாய்.

அவர் பேச்சியைக் கூப்பிட்டு, "உம் பேரு என்னம்மா?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். எது நடக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் விரும்பினேன் என்பதை இன்றும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"சார், பேரு உங்க கையில இருக்கற பேப்பர்லயே இருக்கு. தெரிஞ்சதையே ஏன் கேக்கறாங்கன்னு பாக்கறா. உங்களுக்குத் தெரியாதது எதையாவது கேளுங்க" என்றாய் நீ.

அவருக்கு முகம் சற்று மாறியது. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இது தண்ணியில மிதக்குமா?" என்றார்.

பேச்சி பேனாவை வாங்கி எடை பார்த்தாள். மூடியை அழுத்திப் பார்த்தாள். "உள்ள மை இருக்கா?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் டில்லிபாபு பேசினை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அன்று அந்தப் பேனாவுக்கு நடந்ததை விடு. போகும்போது அவர் கடிதத்தை என் மேசையில் வைத்து, "இத நீங்களே வெச்சுக்குங்க எச்.எம்." என்றார்.

அவர் போன பிறகு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அவங்க அம்மா சொன்னத ஏன் எழுதல?" நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். அந்தப் பள்ளி வருடம் முடியும்வரை நீ என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. எச்.எம். மேடம் என்றாய். ஜூனில் பள்ளி திறந்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "அக்கா, மாங்கா தொக்கு போட்டுக்குங்க" என்றாய். நான் போட்டுக்கொண்டேன். அத்தோடு அது முடிந்துவிட்டது என்று இருவரும் வைத்துக்கொண்டோம். எனக்கு முடியவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் இருந்தது. தினமும் ஒரே கூடத்தில்தான் இருந்தோம்.

காய்ச்சலென்று படுத்து நீ எழுந்திருக்காமலே போய்விட்ட அந்தப் பத்து நாளில் நான் இரண்டு முறை தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இரண்டாம் முறை நீ கண் விழித்து, "பசங்க இன்னா பேசறாங்கக்கா?" என்று கேட்டாய். பார்க்க வருகிறவர்களிடம் எந்த டீச்சரும் பிள்ளைகள் படிக்கிறார்களா என்றுதான் கேட்பார். மழை வரும்போல இருக்கிறது, நல்லா இருக்காங்க என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்திருக்கவில்லை.

இப்போது கவனிக்கிறேன். ஆரம்பத்தில் சரியாக வரவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் கோரஸாக "ஆமா டீச்சர்" என்பார்கள். ஆகஸ்டில் ஒருநாள் ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தால் தண்ணீர். "ஐஸ் எங்க டீச்சர்?" என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, சும்மா நின்றேன். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தீர்களா, தூக்கை மடியில் வைத்தீர்களா, துணி சுற்றினீர்களா. முக்கால் மணி நேரம். நான் வாயைத் திறக்காமல் நடத்திய முதல் பாடம் அது.

பேச்சி ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். சுப்பையாவுக்கு இப்போது மறைமலை நகரில் வேலை. ஆனாலும் மகளை ஐந்தாவது முடிகிறவரை இங்கிருந்து மாற்ற மாட்டேன் என்கிறார். டில்லிபாபுவிடம் "கீது" என்கிறாள், அம்மாவிடம் "இருக்கு" என்கிறாள், பரீட்சையில் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. புது வாத்தியாருக்கு அதில் கொஞ்சம் கஷ்டம்தான்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். நம் சின்னப் பிள்ளைகள் சொந்தமாக வாக்கியம் எழுதுகிறார்கள், எப்படி என்று வந்து சொல்லுங்கள் என்று ஒன்றியத்துக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பேசினையும் உப்பையும் சொன்னேன். இது என்னுடையதல்ல, சுகந்தி டீச்சருடையது என்றேன். கை தட்டினார்கள். உட்கார்ந்திருக்கலாம். உட்காராமல், அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை மறுநாளே மீறியதை, லட்சுமி சொன்னதை வேண்டுமென்றே விட்டதை, நீ எனக்காக "ஆமா சார்" என்றதை. யாரும் கை தட்டவில்லை. அது சரிதான்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, நமக்கு நாலு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியின் எச்.எம். என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு கீது டீச்சர். ஒரிசாக்காரங்க. புதுக் கம்பெனி ஷெட்டு கட்டறாங்களே, அங்க வேலைக்கு வந்திருக்காங்க. நாலு மாசமா ஒரு வார்த்தை இல்ல. நேத்துதான் நானும் ஒரு லெட்டர் எழுதி வெச்சேன். இன்னும் அனுப்பல" என்றார்.

"அனுப்பாதீங்க" என்றேன்.

"அப்ப இன்னா பண்றது?"

எனக்குத் தெரியவில்லை, சுகந்தி. பேச்சிக்குத் தமிழ் இருந்தது. வேறு ஊர்த் தமிழ், அவ்வளவுதான். இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? பேசினைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாயா, அல்லது முதலில் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்திருப்பாயா? கேட்க நீ இல்லை.

புதன்கிழமை மதியம் அங்கே போகிறேன். அந்தப் பெண்ணின் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு தம்ளர் தண்ணீரை அந்தப் பிள்ளையின் முன்னால் வைத்து, இதற்கு உன் வீட்டில் என்ன பெயர் என்று கையைக் காட்டிக் கேட்கப் போகிறேன். அன்றைக்கே சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. மறு புதனும் போவேன், அதற்கடுத்த புதனும் போவேன். அவள் தன் சொல்லைச் சொல்கிறவரை நான் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. இதற்கு மறுநாள் கிடையாது.

உன் அக்கா,
ராஜேஸ்வரி